ஐந்து முட்டை, இரண்டு குஞ்சு: பொரியாத மூன்றையும் திறந்து பார்த்தபோது

எங்கள் காக்டீல் (தலையில் கொண்டையுள்ள சிறு வளர்ப்புக் கிளி) ஜோடி முதல்முறையாக ஐந்து முட்டை இட்டது. பொரிந்தது இரண்டு. மீதி மூன்றையும் குப்பையில் போடாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மூன்றும் மூன்று வெவ்வேறு காரணத்தால் நின்றுபோயிருந்தன. பொரிந்த இரண்டில் ஒன்றையோ, உள்ளே குஞ்சு உயிரோடு இருக்கும்போதே செத்த முட்டை என்று முடிவுகட்டி, கத்தரிக்கோலோடு மேசைக்கு எடுத்து வந்திருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கை நடுங்குகிறது. முதல்முறை கிளிக்குக் கூடு வைப்பவர் யாரும் அந்த இடத்தில் வந்து நிற்கக் கூடாது. அதற்காகத்தான் நடந்ததை நாள்வாரியாகவும், திறந்தபோது கண்டதை உள்ளபடியும் எழுதுகிறேன்.

ஜோடியும் கூடும்

ஆணுக்குச் சாம்பல் உடல், மஞ்சள் முகம். வயது இரண்டைத் தாண்டியிருந்தது. பெட்டையும் சாம்பல்தான், வால் இறகின் அடியில் குறுக்கு வரிகள் தெளிவாக இருந்தன. அதன் வயது 16 மாதம். பெட்டைக்கு 18 மாதமாவது ஆன பிறகு கூட்டுப்பெட்டி வைப்பது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள். இரண்டு மாதம்தானே குறைகிறது என்று நான் பெட்டியை மாட்டிவிட்டேன். காத்திருந்திருக்க வேண்டும்.

தீனி பெரும்பாலும் தினையும் சூரியகாந்தி விதையும்தான். சுண்ணாம்புச்சத்துக்காகக் கணவாய் ஓடு கூண்டில் தொங்கியது, ஆனால் பெட்டை அதைக் கொறித்த தடம் எதுவும் இல்லை. பெட்டியின் அடிப்பலகை தட்டையானது, நடுவில் குழிவு கிடையாது. ஒரு விரல் உயரத்துக்கு மரச்சீவல் போட்டிருந்தேன். முட்டை இடுவதற்கு முன்பே ஜோடி அதில் பாதியை வெளியே தள்ளிவிட்டது. கூண்டில் இருந்த முக்கியமான குச்சி ஒன்று, பறவை உட்காரும்போதெல்லாம் லேசாக உருளும். இதெல்லாம் அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பிறகு முட்டைகளைத் திறந்தபோது இவற்றில் சிலவற்றுக்குத் திரும்பி வர வேண்டியிருந்தது.

நாள் எண்ணியதில் வந்த பிழை

முதல் முட்டை விழுந்த நாளை 1 என்று வைத்துக்கொள்வோம். காக்டீல் பொதுவாக ஒருநாள் விட்டு ஒருநாள் இடும். 1, 3, 5, 7, 9 ஆகிய நாட்களில் ஐந்து முட்டையும் விழுந்தன. ஒவ்வொன்றின் மேலும் மென்மையான பென்சிலால், கொஞ்சமும் அழுத்தாமல், எண் எழுதினேன். பெயரளவுக்குச் செய்த வேலைதான். ஆனால் கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே அந்த ஐந்து எண்களை நம்பித்தான் நிற்கின்றன. எண் போடாவிட்டால் 20ஆம் நாளில் ஐந்தும் ஒரே மாதிரிதான் தெரியும்.

காக்டீல் முட்டை பொரிய 18 முதல் 21 நாள் ஆகும். இது எனக்கும் தெரிந்திருந்தது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது தெரியவில்லை. முதல் முட்டை விழுந்த நாளிலிருந்து எண்ணினேன். 22ஆம் நாள் வரை ஒன்றும் பொரியாததால், எல்லாம் கெட்டுவிட்டன என்று மனம் உடைந்து உட்கார்ந்திருந்தேன்.

முட்டை விழுந்தவுடன் பறவை அடை உட்காருவதில்லை. இரண்டு மூன்று சேர்ந்த பிறகுதான் நெருக்கமாக உட்காரும். காக்டீலில் இரண்டும் முறைவைத்து அடைகாக்கும். பகலில் பெரும்பாலும் ஆண், இரவில் பெட்டை. நிலையான சூடு கிடைக்கும்வரை முட்டைக்குள் கரு வளராமல் அப்படியே காத்திருக்கும். சில நாட்கள் அப்படி ஆறிக் கிடப்பதால் அதற்குக் கேடில்லை. சூடு தொடர்ந்து கிடைக்கத் தொடங்கிய நாள்தான் அந்த முட்டையின் உண்மையான தொடக்கம். குஞ்சுகள் வயதில் ரொம்பவும் விலகிப் போகாமல் இருக்க இயற்கை செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இது.

எங்கள் ஜோடி மூன்றாவது முட்டை விழுந்த இரவிலிருந்துதான், அதாவது 5ஆம் நாளிலிருந்துதான், நிலையாக உட்கார்ந்தது. ஆக 1, 2, 3 எண் முட்டைகளுக்கு மூன்றுக்கும் தொடக்கம் 5ஆம் நாள். நான்காவதற்கு 7. ஐந்தாவதற்கு 9. அதன்படி முதல் மூன்றும் 23க்கும் 26க்கும் இடையில் பொரிய வேண்டும். நான்காவது 25க்கும் 28க்கும் இடையில். ஐந்தாவது 27க்கும் 30க்கும் இடையில். நான் கைவிட்ட 22ஆம் நாளில் ஒரு முட்டைக்குக்கூட நேரம் வந்திருக்கவில்லை.

பட்ஜி, லவ்பேர்டு போன்ற வேறு சிறு கிளிகள் வைத்திருப்பவர்களுக்கு நாள் எண்ணிக்கை மாறும். பட்ஜியில் பெட்டை மட்டுமே அடைகாக்கும், பல சமயம் சீக்கிரமே உட்கார்ந்துவிடும். எதுவானாலும் எண்ண வேண்டியது அடை உட்கார்ந்த நாளிலிருந்துதான்.

லைட் அடித்துப் பார்த்தவை

முட்டையை இருட்டறையில் சின்ன எல்இடி டார்ச்சின் மேல் வைத்துப் பார்ப்பதைக் கேண்டிலிங் என்பார்கள். நான் பார்த்தது 10, 15, 20, 22, 27 ஆகிய நாட்களில். ஆணும் பெட்டையும் முறை மாறும் நேரத்தில், பெட்டி காலியாக இருக்கும்போது எடுத்தேன்; உட்கார்ந்திருக்கும் பறவையைத் துரத்தி எடுத்தால் பதற்றத்தில் முட்டையை மிதித்துவிடும். கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, சில விநாடிகள் மட்டும். கூடவே நகை எடை பார்க்கும் மின்தராசில் எடையும் குறித்தேன்.

10ஆம் நாள். மூன்றாவது முட்டையில் சிலந்தி காலை விரித்தது போலச் சிவப்பு நரம்புகள், நடுவில் கருப்புப் புள்ளி, அது துடித்தது. அதைப் பார்த்தபோது மூச்சுவிடவே மறந்துபோனேன். இரண்டாவதிலும் நரம்பு இருந்தது, ஆனால் மங்கலாக. முதல் முட்டையில் ஒன்றும் இல்லை. மஞ்சள் கருவின் நிழல் மட்டும், முட்டையைத் திருப்பினால் மெதுவாக நகர்ந்தது. நான்காவதும் ஐந்தாவதும் அப்போது ஒன்று முதல் மூன்று நாள் அடைதான் கண்டிருந்தன, அவற்றில் எதுவும் தெரியாதது சரியே. அடை உட்கார்ந்து நான்கைந்து நாளுக்கு முன்னால் எந்த முட்டையையும் கூமுட்டை என்று சொல்ல முடியாது.

15ஆம் நாள். இரண்டாவது முட்டையில் நரம்புகள் காணவில்லை. அதற்குப் பதிலாக முட்டை ஓட்டின் உள்பக்கத்தை ஒட்டிச் சிவப்பு வளையம் ஒன்று. கரு இறந்ததும் இரத்தம் நரம்புகளை விட்டு ஓரத்துக்கு ஒதுங்கி இப்படி வளையமாகத் தேங்கும். இதைப் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. மூன்றாவது பாதி இருண்டிருந்தது. நான்கிலும் ஐந்திலும் நரம்பு நன்றாகப் பின்னியிருந்தது.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியாக ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். குஞ்சு ஓட்டைக் கொத்தும் கட்டம்வரை முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 முதல் 16 சதவீதம் இழப்பது ஆரோக்கியமானது. அப்படிக் குறையும் இடத்தில்தான் மழுங்கிய முனையில் காற்றறை பெரிதாகிறது. எங்கள் முட்டைகள் 5 கிராமை ஒட்டியவை, நாளொன்றுக்கு 0.04 கிராம் அளவில் குறைந்தன. இதில் ஒன்றை மறக்கக் கூடாது: கூமுட்டையும் அதே வேகத்தில்தான் வற்றும். எடை குறைவது உயிருக்கு அடையாளம் இல்லை. ஆனால் ஒரு முட்டை மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாமல் குறைந்தால் அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது முட்டை 10ஆம் நாளில் 5.36 கிராம், 15ஆம் நாளில் 5.16. அதே ஐந்து நாளில் இரண்டாவது முட்டை 5.18லிருந்து 4.72க்கு வந்திருந்தது. இரண்டு மடங்குக்கும் மேல். எண்களைக் குறித்தேனே தவிர, அன்றைக்கு அவற்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

20ஆம் நாளில் இரண்டாவது முட்டை சாம்பல் படிந்து, லேசான வாடை வந்ததால் வெளியே எடுத்தேன். கெட்ட முட்டை கூட்டுக்குள் வெடித்தால் மற்ற முட்டைகளின் துளைகள் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். மூடியிட்ட டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தேன். உறைநிலைப் பெட்டியில் வைக்கக் கூடாது; உறைந்தால் உள்ளே இருக்கும் திசு சிதைந்து, பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியாமல் போகும். முதல் முட்டை தெளிவாக, வாடையில்லாமல் இருந்ததால் அதைக் கூட்டிலேயே விட்டேன். எடுத்துவிட்டால் பெட்டை குறைந்த எண்ணிக்கையை ஈடுகட்ட மறுபடி முட்டை இடக்கூடும், அதன் உடம்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து இன்னும் வடியும். பொரியும் முதல் குஞ்சுக்குச் சாய்ந்துகொள்ள ஒரு துணையாகவும் அது இருக்கும்.

28ஆம் நாள்

25ஆம் நாள் காலை மூன்றாவது முட்டை பொரிந்தது. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத, மஞ்சள் பஞ்சு போர்த்திய குஞ்சு. ஆணும் பெட்டையும் மாறி மாறி ஊட்டின.

27ஆம் நாளில் நான்கையும் ஐந்தையும் பார்த்தேன். இரண்டும் முழு இருட்டு. அசைவு எதுவும் தெரியவில்லை. ஐந்தாவது முட்டையில் காற்றறையின் கோடு நேராக இல்லாமல் ஒருபக்கம் சரிந்து, முன்பைவிடக் கீழே இறங்கியிருந்தது. அதற்குள் ஏதோ நிழல். உள்ளே ஏதோ கெட்டுக் கலங்கிவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் இரண்டையும் எடுத்து, வெள்ளைத் தட்டும் கத்தரிக்கோலும் எடுத்து வைத்தேன். திறக்கும் முறையைக் கேட்டுக்கொள்ளலாம் என்று, பல வருடமாகக் கிளி வளர்க்கும் ஒருவருக்குப் போன் செய்தேன்.

"தம்பி, அஞ்சாவது எப்ப விழுந்துச்சு?"

"ஒன்பதாம் நாள்ண்ணா."

"அப்ப இன்னைக்கு அதுக்கு எத்தனையாவது நாள்?"

எண்ணினேன். 19.

"அதைக் காதுகிட்ட வைங்க."

வைத்தேன். உள்ளே நகத்தால் சுரண்டுவது போல ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு, மிக மெல்லிய ஒரு கீச்சு. போனைக் கீழே வைக்காமலே ஓடிப்போய் முட்டையைக் கூட்டில் வைத்தேன். மறுநாள், 29ஆம் நாள் மதியம், அந்தக் குஞ்சு வெளியே வந்தது.

நான் கெட்டுப்போனதாக நினைத்த அடையாளங்கள் எல்லாம் பொரிவதற்கான அடையாளங்கள். கடைசி நாட்களில் குஞ்சு முட்டை முழுவதையும் அடைத்துக்கொள்வதால் இருட்டாகத்தான் தெரியும். அசைய இடமும் இருக்காது. காற்றறை சரிந்து இறங்குவது, குஞ்சு திரும்பிப் படுத்துத் தயாராகிறது என்பதற்கான குறி. அதன்பின் அலகு காற்றறையின் சவ்வைக் குத்தித் துளைக்கும். அப்போதுதான் குஞ்சு முதல்முறையாக நுரையீரலால் மூச்சுவிடும். காற்றறைக்குள் நான் கண்ட நிழல் அந்த அலகுதான். அதற்கும் பிறகுதான் ஓட்டில் நட்சத்திரம் போல முதல் விரிசல் விழும். அதிலிருந்து முழுதாக வெளியே வர ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். இந்த நேரத்தில் உதவுகிறேன் என்று ஓட்டை உரிக்கக் கூடாது. சவ்வில் இன்னும் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள் கருப் பை வயிற்றுக்குள் முழுதாகப் போயிருக்காது.

22ஆம் நாளில் முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் எண்ணமும் எனக்கு வந்தது. பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். செய்யாமல் விட்டது நல்லதாயிற்று. தண்ணீர் முட்டையைவிடக் கொஞ்சம் குளிர்ந்திருந்தாலும் உள்ளிருப்பது சுருங்கி, துளைகள் வழியாகத் தண்ணீரையும் கிருமியையும் உறிஞ்சும். காற்றறைக்குள் அலகு வந்துவிட்ட குஞ்சு என்றால் மூழ்கியே போகும். டார்ச்சும் காதும் காட்டாத எதையும் அந்தக் கிண்ணம் புதிதாகக் காட்டப்போவதில்லை. என் கருத்தில் அதைச் செய்யவே வேண்டாம்.

திறந்தபோது

நான்காவது முட்டைக்கு மேலும் ஒரு வாரம் கொடுத்தேன். 35ஆம் நாள் அதையும், முதல் முட்டையையும் எடுத்தேன். எதிர்பார்த்த கடைசி நாளைத் தாண்டி ஏழு நாள் போன பிறகே திறப்பது என்று இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். நரம்பே இல்லாததும், இரத்த வளையம் விழுந்ததும், வாடை அடிப்பதும் மட்டும் விலக்கு. இரண்டாவதை 22ஆம் நாளிலேயே திறந்துவிட்டேன்.

கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். கிளிகளிடமிருந்து மனிதருக்கு வரும் கிளாமிடியா சிட்டாசி என்ற கிருமி பெரும்பாலும் தூசியாக மூச்சில் போய் நுரையீரலைத் தாக்குகிறது. முட்டை அழுகலில் சால்மோனெல்லாவும் இருக்கலாம். சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. திறக்கும் முன் கடைசியாக ஒருமுறை லைட் அடித்து, காற்றறையின் எல்லையைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே, மழுங்கிய முனையில் கத்தரிக்கோலின் நுனியால் சின்னத் துளை இட்டு, சுற்றி வெட்டி எடுத்தால் ஒரு தொப்பி போல வந்துவிடும். நடுவில் உடைத்தால் எல்லாம் குழம்பி, குஞ்சு எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதே தெரியாது. ஒவ்வொரு படிக்கும் படம் எடுத்தேன்.

முதல் முட்டை. மஞ்சள் கரு உடையாமல் தட்டில் விழுந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆன முட்டையில் எல்லா நேரமும் அப்படி அமைவதில்லை. இரத்தத்தின் சாயல்கூட இல்லை. மஞ்சளின் மேல் சின்னதாக, அடர்த்தியாக, ஒழுங்கற்ற விளிம்போடு ஒரு வெள்ளைப் புள்ளி. கருவுற்றிருந்தால் அந்தப் புள்ளி அகன்று, நடுவில் வெளிறி, வளையம் போலத் தெரியும். கருவுற்று முதல் ஓரிரு நாளிலேயே இறந்திருந்தால், அந்த இடத்தில் தயிர் திரிந்தது போலப் பரவலாக ஒரு வெண்படலம் இருக்கும். இரண்டும் இல்லை. எனவே இது கருவுறாத முட்டை, நிஜமான கூமுட்டை. இளம் ஜோடியின் முதல் அடையில் முதல் முட்டை இப்படிப் போவது சாதாரணம். உருளும் குச்சி என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது: இணைசேரும்போது பெட்டைக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை என்றால் ஆணால் நிலையாக நிற்க முடியாது.

இந்த வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் "ஒன்றும் இல்லாத முட்டை"தான். ஆனால் கருவே இல்லை என்றால் தேட வேண்டியது ஜோடியிடம்: வயது, இணைசேர்க்கை, குச்சி, ஆணின் உடல்நிலை, சில சமயம் இரண்டுமே பெட்டையாக இருப்பது. (எட்டு, ஒன்பது என்று முட்டை குவிந்து ஒன்றில்கூட நரம்பு இல்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். லூட்டினோ (சாம்பல் நிறமில்லாத வெளிர் மஞ்சள்) போன்ற நிறங்களில் கண்ணால் பார்த்து ஆண் பெண் சொல்வது கடினம். டிஎன்ஏ சோதனை தீர்த்துவைக்கும்.) கரு உண்டாகி இறந்தது என்றால் தேட வேண்டியது வேறு இடத்தில்: சூடு, அதிர்ச்சி, ஓடு, கிருமி, நெருங்கிய இரத்த உறவு. தப்பான இடத்தில் தேடினால் அடுத்த அடையும் அதே மாதிரிதான் போகும்.

இரண்டாவது முட்டை. உள்ளே மஞ்சளும் வெள்ளையும் கலந்து கலங்கிய நீர், அதில் பழுப்பேறிய இரத்தத் தடம். கரு என்று சொல்ல ஒரு சின்னத் துணுக்கு மட்டும். காற்றறை அதன் வயதுக்கு மிகப் பெரிது. ஓட்டைக் காலியாக்கி, உள்ளிருந்து டார்ச் அடித்தபோதுதான் காரணம் தெரிந்தது: பக்கவாட்டில் முடி போல ஒரு விரிசல், அதன் நுனியில் ஊசிமுனை அளவு ஒரு குத்து. பறவையின் நகம். வழக்கத்துக்கு மேல் எடை குறைந்ததற்கும், வாடைக்கும் அதுவே விடை. தட்டையான பலகை, மெல்லிய மரச்சீவல், வெட்டாத நகம், மூன்றும் சேர்ந்து செய்த வேலை.

இதுதான் என்னை அதிகம் வருத்தியது. 10ஆம் நாள் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த விரிசல் அப்போதே மெல்லிய வெள்ளைக் கோடாக இருந்தது. கரு அன்றைக்கு உயிரோடு இருந்தது. உள்சவ்வு கிழியாத சின்ன விரிசலின் மேல், அந்த இடத்தில் மட்டும், துளி நகப்பூச்சு அல்லது வெள்ளைப் பசை மெல்லியதாகத் தடவி உலரவிட்டுத் திரும்ப வைப்பது பழகிய வளர்ப்பாளர்கள் செய்வதுதான். எல்லாம் பிழைக்காது. ஆனாலும் முயன்று பார்த்திருக்கலாம். நான் நரம்பைத் தேடினேன், ஓட்டைப் பார்க்கவே இல்லை. இப்போது லைட் அடித்தால் முதலில் ஓட்டைத்தான் சுற்றிப் பார்க்கிறேன், உள்ளே இருப்பதைப் பிறகு.

நான்காவது முட்டை. திறக்கக் கஷ்டமாக இருந்தது, மனதுக்கு. தொப்பியை எடுத்ததும் அலகு தெரிய வேண்டிய இடத்தில் அது இல்லை. காற்றறையின் சவ்வு துளைபடாமல் முழுதாக இருந்தது. சவ்வை நீக்கினால் தெரிந்தது முதுகும் காலும். குஞ்சு முழு வளர்ச்சி, மஞ்சள் பஞ்சும் வந்துவிட்டது. மஞ்சள் கருப் பை பாதி இன்னும் வெளியே. தலை, முட்டையின் கூரிய முனைப் பக்கம் திரும்பியிருந்தது.

பொரியத் தயாராகும் குஞ்சின் தலை மழுங்கிய முனையில், வலது இறக்கைக்குக் கீழே, அலகு காற்றறையை நோக்கி இருக்க வேண்டும். தலை மறுமுனையில் இருந்தால் காற்றறையைக் குத்த அதற்கு வழி கிடையாது. சில குஞ்சுகள் அப்படியும் ஓட்டை உடைத்து வந்துவிடும், பல வராது. 22ஆம் நாளில், அதாவது அதன் 15ஆம் அடைநாளில், அசைந்ததைப் பார்த்தேன். 27இல் அசைவு இல்லை. மஞ்சள் கருப் பை உள்ளே போய் முடியாததால், பொரிவதற்கு ஓரிரு நாளுக்கு முன் இறந்திருக்கும் என்று கணக்கிடுகிறேன்.

கடைசிக் கட்டத்தில் இறந்த குஞ்சு என்றால் எல்லோரும் முதலில் ஈரப்பதத்தைத்தான் சொல்வார்கள். ஈரம் மிகுந்தால் முட்டை போதுமான எடை இழக்காது, காற்றறை சிறுத்திருக்கும், குஞ்சு நீர் கோத்து வீங்கியிருக்கும். ஈரம் குறைந்தால் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். நான்காவதில் எடை இழப்பு வரம்புக்குள் இருந்தது, வீக்கம் இல்லை, ஒட்டுதலும் இல்லை. அதே பெட்டியில் இரண்டு குஞ்சு நல்லபடியாக வந்தன. ஆகவே ஈரப்பதத்தை நான் குற்றம் சொல்லமாட்டேன். ஒரு அடையில் ஒரு குஞ்சு தப்பாகத் திரும்பிக் கிடப்பது நல்ல கூட்டிலும் நடக்கும். இரண்டு மூன்று அப்படி இருந்தால்தான் சூடு, தீனி, மரபு என்று தேடிப் போக வேண்டும். அப்படித் தொடர்ந்து போனால் முட்டையை வீட்டில் திறக்காமல், குளிரவைத்து, பறவை மருத்துவரிடம் கொண்டுபோவது மேல். கிருமிச் சோதனைக்கு மாதிரி எடுக்க, யார் கையும் படாத முட்டைதான் வேண்டும்.

அடுத்த அடைக்கு மாற்றியவை

குஞ்சுகள் தனியாகத் தின்னப் பழகியதும் பெட்டியைக் கழற்றிவிட்டேன். வெளிச்சம் விழும் நேரத்தையும் குறைத்தேன். இல்லாவிட்டால் பெட்டை உடனே அடுத்த சுற்றுக்குத் தயாராகிவிடும், முட்டை வெளியே வராமல் உள்ளே அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆறு மாதம் ஓய்வு. அந்தக் காலத்தில் விதையைக் குறைத்து, கீரை, துருவிய கேரட், வேகவைத்த முட்டை என்று சிறுகச் சிறுகப் பழக்கினேன். விதை மட்டும் தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏவும் சுண்ணாம்புச்சத்தும் போதாது, ஓடு மெலிந்தே வரும். கணவாய் ஓட்டைக் குச்சிக்கு மிக அருகில் கட்டினேன். இந்த முறை பெட்டை அதைத் தேய்த்துத் தீர்த்தது. பெட்டி வைக்கும் முன்பே இரண்டின் நகத்தையும் நுனி மட்டும் வெட்டினேன். குச்சியை இரண்டு பக்கமும் இறுக்கினேன். நடுவில் குழிவுள்ள அடிப்பலகை, மேலே நான்கு விரல் உயரத்துக்கு மரச்சீவல். நாட்குறிப்பில் ஒவ்வொரு முட்டைக்கும் இரண்டு தேதி: விழுந்தது, அடை தொடங்கியது.

இரண்டாவது அடையிலும் ஐந்து முட்டை. நான்கு பொரிந்தன. ஓட்டில் விரிசல் எதுவும் இல்லை. பொரியாதது மறுபடியும் முதல் முட்டைதான். அடை தொடங்கி பத்து நாள் ஆகியும் அதில் நரம்பு வராததால், போலி முட்டை ஒன்றை அதன் இடத்தில் வைத்துவிட்டு, காத்திருக்காமல் அப்போதே திறந்தேன். மஞ்சள் கரு புதிதாக, தெளிவாக இருந்தது. அதே சின்ன, அடர்ந்த வெள்ளைப் புள்ளி.

அப்படியானால் குச்சி மட்டும் காரணம் இல்லை. மஞ்சள் கரு கருவுறுவது, அதன் மேல் வெள்ளைக் கருவும் ஓடும் படிவதற்கு முன்னால். முட்டை வெளியே வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது நடந்து முடிந்திருக்க வேண்டும். இந்த ஜோடி முதல் முட்டைக்கு மிக நெருக்கமாகத்தான் இணைசேரத் தொடங்குகிறதோ என்று இப்போது சந்தேகிக்கிறேன். நாட்குறிப்பில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்: இணைசேர்வதை முதலில் பார்த்த நாள். அடுத்த பெட்டி வைக்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.